பத்தாவது வீட்டின் படம்

மூன்றாவது படத்தில் இருந்த நாற்காலிக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன.

அவள் முதலில் அதைத் தூசி என்றுதான் நினைத்தாள். கேலரியில் காலையிலிருந்து சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்ததால் வெள்ளைத் தூள் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. அவளுடைய தலைமுடியில், ஃபிரேம்காரரின் புருவத்தில், குடிக்காமல் ஆறிப்போன காபியின் மேல்கூட ஒரு மெல்லிய ஆடையாக. ஒரு மென்மையான துணியை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படத்தின் அந்த மூலையை மட்டும் ஒற்றி எடுத்தாள். தூசி போயிற்று. பாதங்கள் போகவில்லை.

"அண்ணா, இங்க கொஞ்சம் பாருங்க. கால் மாதிரி தெரியுதா?"

ஃபிரேம்காரர் ஏணியிலிருந்து இறங்காமல் கழுத்தை மட்டும் நீட்டினார். "தெரியுது. வீடுன்னா ஆள் இருக்கத்தானே செய்வாங்க."

அதுதான் சிக்கல். இந்தப் படங்களில் ஆள் இருக்க முடியாது.

அவளுடைய கேமரா ஒரு பிளைவுட் பெட்டி. அவளே அறுத்து, ஒட்டி, உள்ளே கறுப்பு அடித்துச் செய்தது. லென்ஸ் கிடையாது. முன்பக்கம் ஊசியால் போட்ட ஒரு துளை, அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப், உள்ளே பின்சுவரில் போட்டோ காகிதம். காலையில் டேப்பை உரித்தால் சாயங்காலம் வெளிச்சம் போகும்வரை துளை திறந்தே இருக்கும். அத்தனை நேரம் எடுக்கும் படத்தில் நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள். சமைப்பவர்கள், சண்டை போடுகிறவர்கள், துணி மடிப்பவர்கள் எல்லோரும் கரைந்து போவார்கள். மேசையும் கட்டிலும் மட்டும் மிஞ்சும். வேறு ஊர்களிலிருந்து பிழைக்க வந்த ஒன்பது குடும்பங்களின் ஒன்பது கூடங்களை அவள் இப்படி எடுத்திருந்தாள். 'இடம் தங்கிவிடுகிறது, மனிதர்கள் கடந்து போகிறார்கள்' என்று நுழைவாயில் சுவரில் எழுதி ஒட்டியாயிற்று. அதைப் படித்த எல்லோரும் ஆழமாக இருக்கிறது என்றார்கள். யாருக்கும் புரியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

நாளை மாலை திறப்பு. பத்தாவது படம் மட்டும் பாக்கி. அது அவளுடைய சொந்த வீடு. மற்றவர்கள் வீட்டையெல்லாம் சுவரில் மாட்டிவிட்டு உன் வீட்டை மட்டும் ஒளித்துக்கொள்கிறாயே என்று யாரோ கேட்டுவிட்டார்கள், அது உறுத்திக்கொண்டே இருந்தது. இன்று காலை ஆறரைக்கு அவள் கூடத்தில் ஸ்டூல் போட்டு, பெட்டியை வைத்து, டேப்பை உரித்துவிட்டு வந்திருந்தாள்.

வீட்டில் தங்கை இருந்தாள். பள்ளிக்கு விடுமுறை என்பதால் மகளும் இருந்தாள். ஏழு வயது. வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளியில் வைத்த பெயரை ஆசிரியையே மறந்துவிட்டதாகக் கேள்வி. கப்பலில் வேலை பார்க்கும் அப்பா வீடியோவில் பேசும்போதுகூட அவள் போனின் முன்னால் இரண்டு நிமிடம் நிற்க மாட்டாள். அவர் பாதி நேரம் மகளின் முழங்கையோடுதான் பேசிக்கொண்டிருப்பார்.

"நானும் படத்துல வருவேனாம்மா?" என்று காலையில் கேட்டாள்.

"அசையாம உட்கார்ந்தா வருவே."

"எவ்வளவு நேரம்?"

"சாயங்காலம் வரைக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தபடியேதான் செருப்பை மாட்டினாள். குழந்தைக்கு வேலை கொடுத்தாயிற்று, ஐந்து நிமிடம் தங்கைக்கு நிம்மதி, அவ்வளவுதான் அவள் நினைத்தது.

ஐந்து மணிக்கு மறுபடியும் பார்த்தபோது பாதங்களுக்கு மேலே கணுக்கால்கள் இருந்தன. வேட்டியின் ஓரமா, கால்சட்டையின் மடிப்பா, ஏதோ ஒரு துணியும் தெரிந்தது.

அது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் கூடம். அந்த நெகட்டிவை அவள் பூதக்கண்ணாடி வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்திருந்தாள். நாற்காலி காலியாக இருந்தது. நேற்று லேபிலிருந்து ஆளுயரத்துக்குப் பெரிதாக்கிக் கொண்டு வந்தபோதும் காலிதான். காகிதத்தில் ஈரம் ஏறியிருக்கும், ரசாயனம் சரியாகக் கழுவப்படாமல் கறை கிளம்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கறை கணுக்கால் எலும்போடு கிளம்புமா என்ற கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

"கம்பி தீர்ந்துடுச்சு. வாங்கிட்டு, ஒரு டீயும் குடிச்சுட்டு வந்துடறேன்," என்று சொல்லி ஃபிரேம்காரர் கிளம்பினார். வாசல் கதவு மூடிக்கொண்டதும் கேலரி வேறு இடமாகிவிட்டது. ஜன்னல் இல்லாத நீண்ட அறை. புதுப் பெயிண்ட்டின் வாசனையும் பசையின் புளித்த நெடியும். ஏசி எங்கோ கூரைக்குள் ஒரே சுரத்தில் முனகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படத்தின் மேலும் ஒரு விளக்கு விழ, நடுவில் இருந்த தரையெல்லாம் இருட்டாகக் கிடந்தது. அவள் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து படங்களுக்குக் கீழே ஒட்டும் பெயர்ச் சீட்டுகளை வெட்டத் தொடங்கினாள். மூன்று சீட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்தாள். முழங்கால்கள். ஐந்து சீட்டு வெட்டிவிட்டு நிமிர்ந்தாள். மடி. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்கவில்லை. பார்வையை எடுத்தால் மட்டும் அந்த ஆள் ஒரு சாண் மேலே ஏறி உட்கார்ந்தார்.

பிறகு கை வந்தது.

நாற்காலியின் கைப்பிடிமேல் ஒரு முதிய கை, நரம்பு புடைத்து, அத்தனை தெளிவாக இருந்தது. அதன் மணிக்கட்டுக்குக் குறுக்கே ஒரு வெட்டு. அந்த வெட்டு அவளுக்குத் தெரிந்ததுதான். காலை பதினொரு மணிக்கு ஃபிரேம்காரரின் கட்டர் வழுக்கி, படத்தில் ஒரு அங்குலம் கிழித்துவிட்டது. அப்போது அந்த இடத்தில் வெறும் நாற்காலியின் மரம்தான் இருந்தது. அவள் கத்தினாள், அவர் மன்னிப்புக் கேட்டார், பின்னாலிருந்து டேப் போட்டு ஒட்டினார்கள்.

போனில் அந்த வீட்டு எண் இருந்தது. மூன்றாவது மணியிலேயே தபால்காரரின் மகன் எடுத்தான்.

"நீங்களா? இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சா? படம் ஒண்ணு தர்றேன்னு சொல்லிட்டுப் போனீங்க. எட்டு மாசம் ஆச்சு."

"மன்னிச்சிடுங்க. அப்பா எப்படி இருக்காரு?"

"உங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கு நீங்க பெட்டிய மூடிட்டுக் கிளம்பினீங்களே, அப்ப நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல. பேச்சும் இல்ல. கண்ணு மட்டும் திறந்திருக்கு. டாக்டருங்க ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

அவளுக்கு நினைவு வந்தது. அன்று கிளம்பும்போது அவரிடம் போய் வருகிறேன் என்று சொன்னாள். அவர் பதில் சொல்லவில்லை. வயதானவர், அசதி என்று நினைத்துக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பகல் முழுக்க அவள் அங்கே இருந்ததில்லை. எந்த வீட்டிலும் இருந்ததில்லை. காலையில் திறந்துவிட்டுப் போவாள், மாலையில் மூட வருவாள்.

"இன்னிக்கு வேற புதுசா ஒரு கூத்து," என்றான் மகன். "யாரும் பக்கத்துல இல்ல. கத்தி கிடையாது, ஒண்ணும் கிடையாது. காலையில பதினொரு மணிக்கு மணிக்கட்டுல திடீர்னு வெட்டிக்கிச்சு. ஏழு தையல். எப்படின்னே தெரியல."

போனை அணைத்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தபடியே மற்ற படங்களைத் திரும்பிப் பார்த்தாள். முதல் படத்தில் கட்டிலின் ஓரத்தில் ஒரு முதுகு. நான்காவதில் தையல் இயந்திரத்தின் முன்னால் ஒரு பெண்ணின் தோள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர். ஒரே ஒருவர். எல்லோரும் மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்தார்கள், தண்ணீர் வடியும்போது தெரிகிற கல் மாதிரி.

ஏழாவது படத்தில் மட்டும் கணக்கு தப்பியிருந்தது. அது அச்சகத்தில் வேலை பார்க்கும் அண்ணன் தம்பி இருவரின் அறை. பெஞ்சில் தம்பி சாய்ந்திருந்தான், கண்ணிமை முதல் சட்டைப் பொத்தான் வரை தெளிவாக. அவன் பக்கத்தில் அண்ணன், ஆனால் வெறும் புகையாக. பின்னால் இருந்த சுவர் அவனுக்குள் தெரிந்தது.

அண்ணனுக்குப் போன் அடித்தாள். அவன் எடுத்ததும் நேராகக் கேட்டாள். "அன்னிக்கு நான் படம் எடுத்தப்ப என்ன நடந்துச்சுன்னு சொல்லு. எதையும் விடாம சொல்லு."

"என்னக்கா திடீர்னு? லீவு நாள். நான்தான் முதல்ல பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியல. கால் மரத்துப் போச்சுன்னு நினைச்சேன். தம்பியக் கூப்பிடப் பார்த்தா வாயும் வரல. பயந்துட்டேன். அவன் சாப்பிட்டு வந்து பக்கத்துல சாய்ஞ்சான். அவன் தூக்கம் உங்களுக்குத் தெரியாது, இடி விழுந்தாலும் புரள மாட்டான். அவன் தூங்கினதும் எனக்கு விட்டுடுச்சு. எழுந்து வெளிய போயிட்டேன்."

"தம்பி இப்ப எங்க?"

"இங்கதான்," என்றான் அவன். "அதே பெஞ்சுலதான்."

அவளுக்குப் புரிந்தது. பெட்டி ஒருவரைத்தான் எடுக்கும். அந்தக் கூடத்தில் யார் எல்லோரையும்விட அசையாமல் இருக்கிறார்களோ, அவரை. மூடும்வரை அவர் மாறலாம். மூடினால் முடிந்தது.

அசையாம உட்கார்ந்தா வருவே.

தங்கையின் போன் நீண்ட நேரம் அடித்தது.

"சொல்லுக்கா," என்றாள் தங்கை. பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம். "நீ நம்பவே மாட்டே. உன் பொண்ணு இன்னிக்குத் தங்கம். காலையிலேருந்து பெட்டி முன்னாடி நாற்காலிய விட்டு நகரல. முதல்ல நாலஞ்சு தடவ எழுந்து ஓடினா, தன்னையே திட்டிக்கிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தா. மத்தியானத்துக்கு அப்புறம் அதுவும் இல்ல. சாப்பிடக் கூப்பிட்டேன், வரல. பிடிவாதம் உன்னை மாதிரியே."

"தூக்கு அவள."

"என்ன?"

"அங்கேருந்து தூக்கு. இப்பவே. பெட்டியத் தொடாத, டேப்ப ஒட்டாத. அவள மட்டும் தூக்கு."

குழாய் நின்றது. காலடிச் சத்தம். தங்கை ஏதோ கொஞ்சலாகச் சொல்வது கேட்டது. பிறகு கொஞ்சல் நின்றது. பிறகு ஒரு முனகல், பாரம் தூக்குகிறவர்கள் விடுகிற முனகல். மூச்சு வாங்கும் சத்தம்.

"அக்கா," என்றாள் தங்கை. "தூக்க முடியல."

ஸ்கூட்டரில் வீடு இருபது நிமிடம். எந்தச் சந்தில் திரும்பினாள், எந்த விளக்கில் நின்றாள் என்று பின்னால் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. வழி நெடுக அவள் பார்த்தது வெயிலை மட்டும்தான். கட்டடங்களின் மேல்மாடிகளில் மட்டும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்த வெயில். வெளிச்சம் போனால் பெட்டிக்கு மூடியதும் மூடாததும் ஒன்றுதான். யாரிடம் வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் வெயிலிடமே வேண்டிக்கொண்டாள், போயிடாதே, கொஞ்சம் இரு, போயிடாதே என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு.

மூன்று மாடி ஏறினாள். கதவு திறந்திருந்தது.

கூடத்தில் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. காயப்போட்ட துண்டு, பாதி நிறம் தீட்டிய படப் புத்தகம், ஸ்டூல்மேல் கறுப்புப் பெட்டி. எதிரே நாற்காலியில் அவளுடைய மகள். முதுகை நேராக வைத்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, துளையை நேராகப் பார்த்துக்கொண்டு. உதட்டோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, ஜெயிக்கப்போகிறவளின் சிரிப்பு. ஒரு ஈ அவளுடைய கன்னத்தில் உட்கார்ந்து, நடந்து, கண்ணின் ஓரம்வரை போயிற்று. இமை மூடவில்லை.

"வாலு. அம்மா வந்துட்டேன். போதும்டா. நீ ஜெயிச்சுட்டே. எழுந்திரு."

கன்னம் சூடாக இருந்தது. மூச்சும் இருந்தது, தொலைவிலிருந்து வருவது போல மெல்லியதாக. அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். இடுப்பு பிடித்துக்கொண்டது, குழந்தை ஒரு இழைகூட எழவில்லை. தங்கையும் சேர்ந்து இழுத்தாள். நாற்காலியோடு நகர்த்திப் பார்த்தார்கள். நாற்காலி தரையில் வேர்விட்டது போல நின்றது. பெட்டியைத் திருப்பினாலும் மூடியது போலத்தான். பெட்டியைப் பிளந்தால் வெளிச்சம் பட்டு உள்ளே இருக்கும் காகிதம் முழுக்கக் கருகிப்போகும். ஒரு அங்குலக் கிழிசலுக்கு ஏழு தையல். முழுக் காகிதத்துக்கு என்னவென்று நினைத்ததும் அவள் பெட்டியின் பக்கமிருந்து விலகி வந்தாள்.

"கீழ் வீட்டு டாக்டரக் கூட்டிட்டு வரேன்," என்று தங்கை அழுதுகொண்டே செருப்பில்லாமல் ஓடினாள்.

"இரு. நான் சொல்றதக் கேளு. அவ அசைஞ்சதும் தூக்கிட்டு வெளிய போயிடு. கேட்குதா? உடனே தூக்கிட்டு..."

படியில் காலடி இறங்கிக்கொண்டே போயிற்று. கேட்டிருக்க மாட்டாள்.

சுவரில் வெயில் ஒரு கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. தங்கை திரும்பி வரும்வரை அது தாங்குமா என்று தெரியவில்லை. தாங்காவிட்டால் என்ன என்பது நன்றாகத் தெரிந்தது.

அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து மகளின் பக்கத்தில் போட்டாள். பெட்டியைப் பார்த்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்தாள். என்னை எடுத்துக்கோ என்று மனதுக்குள் சொன்னாள். நான்தான் உன்னைச் செய்தேன். நான்தான் ஒன்பது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். என்னை எடுத்துக்கோ.

அசையாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை. படியேறி ஓடி வந்த மார்பு எழும்பி எழும்பித் தாழ்ந்தது. வியர்வை முதுகில் இறங்கியது. மூச்சைச் சின்னதாக்கினாள். இன்னும் சின்னதாக. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தார்கள். துளையை மட்டும் பார்த்தாள். துளை ஒரு புள்ளி. புள்ளிக்குப் பின்னால் இருட்டு. இருட்டும் அவளைப் பார்த்தது.

முதலில் பாதங்கள் போயின. வலி இல்லை. குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது போல. பிறகு முழங்கால். மடி. கைகள் கனத்தன. கழுத்து நின்றது. இமை நின்றது.

பக்கத்தில் ஒரு சத்தம். நாற்காலி கிறீச்சிட்டது.

"ஆ... கால் குத்துது," என்றாள் வாலு.

அம்மாவின் கண்ணில் நீர் வந்தது. துடைக்கக் கை இல்லை, தேவையும் இல்லை. ஓடு. கண்ணே, வெளியே ஓடு. சித்தி படியில் இருக்கிறாள், ஓடு. நாக்கு வாய்க்குள் ஒரு கல்லாகக் கிடந்தது.

குழந்தை நாற்காலியிலிருந்து குதித்து நொண்டி நொண்டி இரண்டு சுற்று சுற்றினாள். கன்னத்தைச் சொறிந்தாள். அப்புறம்தான் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, எப்ப வந்தே?"

பக்கத்தில் வந்தாள். அம்மாவின் முகத்தின் முன்னால் கையை ஆட்டிப் பார்த்தாள். அவளுடைய முகம் மெல்ல மலர்ந்தது.

"நீயும் படத்துல வர்றியா?"

போ.

"நான் அசைஞ்சுட்டேன். தோத்துட்டேனா? இல்லல்ல, இன்னும் வெளிச்சம் இருக்கு."

போயிடு. போயிடு. போயிடு.

சின்ன முழங்கால் ஒன்று அவளுடைய தொடையில் ஊன்றியது. இரண்டாவதும். வாலு மடியில் ஏறி, திரும்பி, முதுகை அம்மாவின் மார்பில் சாய்த்துக்கொண்டாள். தலைமுடியில் வியர்வை வாசனையும் கிரேயான் வாசனையும். அம்மாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் வயிற்றைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து வரலாம்மா," என்று ரகசியமாகச் சொன்னாள். "இந்தத் தடவ பாரு, நான் உன்னைவிட அசையாம இருக்கேன்."

படியில் காலடிகள் ஏறி வந்துகொண்டிருந்தன. இரண்டு பேர். முதல் மாடி.

மடியில் இருந்த உடம்பு ஒருமுறை நெளிந்தது. மூக்கை உறிஞ்சியது. கடைசியாக ஒருமுறை குதிகாலால் நாற்காலியைத் தட்டியது.

பிறகு அமைதியாயிற்று. இன்னும் அமைதியாயிற்று. கனத்தது.

இரண்டாவது மாடி. சுவரில் வெயில் ஒரு விரல் அகலம்.

அப்போது, யாரும் கேட்காமலேயே, பெட்டியின் பிடியிலிருந்து விடுபட்டு, அம்மாவின் சுண்டுவிரல் அசைந்தது.